சாகசப் பயணமும் தொண்டும்: வண்டி போனபின் என்ன மிஞ்சுகிறது?

சாலை முடிந்துபோன பிறகும் மோட்டார் சைக்கிள் போகும். ஜீப் நுழையாத ஒற்றையடிப் பாதையிலும், பாலம் இல்லாத ஓடையிலும், சரளை சரியும் மலைச்சரிவிலும் அது ஏறி இறங்கிவிடும். இந்தக் குணத்தால் அது இரண்டு வகை மனிதர்களுக்கு வேண்டியதாகிறது. ஒருவர், கரடுமுரடான நிலத்தில் வண்டி ஓட்டும் இன்பத்துக்காகத் தொலைதூரத்திலிருந்து வரும் பயணி. மற்றவர், அந்த நிலத்திலேயே பிறந்து, பிள்ளைக்குத் தடுப்பூசி போடவும் ரத்தப் பரிசோதனைக்கும் மணிக்கணக்கில் நடக்கும் ஊர்க்காரர். முதலாமவரின் ஆசையை இரண்டாமவரின் தேவைக்குப் பயன்படுத்த முடியுமா? சுமார் நாற்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. முடியும் என்றும், அது ஏமாற்று என்றும், ஊருக்குத் தீங்கு என்றும் விடைகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை பயணியின் மனத்தை அளப்பதிலேயே நின்றுவிட்டன. ஊரில் என்ன மிஞ்சியது என்பதை அளந்த விடைகள் குறைவு.

கேள்வி எப்போது எழுந்தது

முதல் தலைமுறைப் பயணிகளிடம் தொண்டு என்ற பேச்சு கிடையாது. 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து கிளம்பி, சைட்கார் பூட்டிய பாந்தர் வண்டியில் சகாராவைக் கடந்து, அடுத்த ஆண்டு கேப் டவுனை அடைந்த தெரசா வாலக்கும் ஃபுளோரன்ஸ் பிளங்கிரனும் பார்க்கப் போனவர்கள். 1973 முதல் 1977 வரை ஒரு டிரையம்ஃப் வண்டியில் உலகைச் சுற்றிய டெட் சைமனும் அப்படித்தான். வழிநெடுக உதவி பெற்றவர்கள் இவர்கள். தருபவர்களாகத் தங்களைக் காட்டிக்கொள்ளவில்லை.

எண்பதுகளில் நிலைமை மாறியது. தியரி சபீன் தொடங்கிய பாரிஸ்-டக்கார் பந்தயம் 1979 ஜனவரி முதல் ஆண்டுதோறும் மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களைத் தாண்டி ஓடிற்று. பாலைவனத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் சேர்த்துச் செய்யப்பட்ட பெரிய வண்டிகள் 1980-இல் பி.எம்.டபிள்யூவின் ஆர்80 ஜி/எஸ் வந்த பிறகு தனிச் சந்தையாயின. அதே காலத்தில் எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள் ஐரோப்பிய வீடுகளுக்குள் வந்தன. 1985 ஜூலையில் லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி நடந்தது. வறண்ட ஊர்களின் நடுவே இவ்வளவு பணமும் பெட்ரோலும் பாய்வது சரிதானா என்ற கேள்வியைப் பந்தயத்தால் தவிர்க்க முடியவில்லை. பிரெஞ்சுப் பாடகர் தானியேல் பலவுவான் 1986 பந்தயத்துடன் மாலிக்குப் போனது கிராமங்களுக்கு நீர்ப்பம்பு கொண்டுசேர்க்கும் வேலைக்காக. அந்த ஜனவரி 14-ஆம் தேதி, சபீனும் அவரும் இன்னும் மூவரும் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார்கள். பந்தயத்தின் வரலாற்றில் போட்டியாளர்கள், பார்வையாளர்கள், வழியோரச் சிறுவர்கள் எனக் கணக்கிட்டால் எழுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயிருக்கின்றன. சாகசமும் தொண்டும் ஒரே வண்டியில் ஏறிய கதை இப்படிச் சாவுகளோடுதான் தொடங்கியது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை மறக்கக் கூடாது.

நேரில் காண்பது பற்றிய வாதம்

முதல் நிலைப்பாடு, போய்ப் பார்ப்பதே பயன் என்பது. எட்டாத ஊரின் துயரம் அங்கே யாரும் போகாததால்தான் மறைந்து கிடக்கிறது; ஒருவர் போய்ச் சொன்னால் உலகம் கேட்கும் என்கிறது இந்த வாதம். 2004-இல் நடிகர்கள் இவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி நியூயார்க் வரை ஓட்டிய பயணம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. உக்ரைன், கஜகஸ்தான், மங்கோலியா ஆகிய நாடுகளில் யூனிசெஃப் நடத்தும் குழந்தைப் பணிகளை வழியில் பார்த்து, தொலைக்காட்சித் தொடரில் காட்டினார்கள். சினிமா நடிகர் ஒருவர் சேற்றில் விழுந்து எழுவதைப் பார்க்க உட்கார்ந்தவர்கள், உலான்பாத்தரின் தெருப்பிள்ளைகளையும் பார்த்தார்கள்.

இதைச் சிறிய காரியம் என்று தள்ள முடியாது. ஆனால் தொடர் பல மணி நேரம். அதில் குழந்தைகளுக்குக் கிடைத்தவை சில நிமிடங்கள். கதையின் நாயகன் பயணிதான், ஊர் அவன் கடந்துபோகும் தடை. அந்த ஊரார் தங்களைப் பற்றித் தாங்களே என்ன சொல்வார்கள் என்பதற்கு அதில் இடம் குறைவு. அதோடு, புகழ்பெற்ற முகம் இருந்தால்தான் இந்த வாதம் செல்லும். பெயர் தெரியாத பத்துப் பேர் வண்டியில் போய் எடுத்துவரும் படங்களை அவர்களுடைய சுற்றத்தாரே பார்ப்பார்கள். நேரில் காண்பது பயணியை மாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஊரை மாற்றுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டும்.

நிதி திரட்டும் வண்டி

இரண்டாவது நிலைப்பாடு இன்னும் நேரடியானது: பயணம் ஒரு சாக்கு, நோக்கம் பணம். 2008 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் நடந்த எண்டூரோ ஆப்பிரிக்கா பயணத்தை எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டிஷ் இளவரசர்கள் வில்லியமும் ஹாரியும் உட்பட சுமார் எண்பது பேர் ஆயிரம் மைல் தூரத்தை மண்பாதையிலும் ஆற்றுப்படுகையிலும் கடந்தார்கள். திரட்ட நினைத்தது மூன்று லட்சம் பவுண்டு. அது லெசோதோவின் குழந்தைகளுக்காக 2006-இல் தொடங்கப்பட்ட சென்டபாலே, நெல்சன் மண்டேலா குழந்தைகள் நிதியம், யூனிசெஃப் ஆகியவற்றுக்குப் போக வேண்டும். தானே பணி செய்யாமல், ஏற்கெனவே பணி செய்கிறவர்களிடம் பணத்தைச் சேர்ப்பது இந்த முறையின் நேர்மை.

குறை கணக்கில் இருக்கிறது. விமானச் சீட்டு, வண்டி வாடகை, பின்தொடரும் மருத்துவர், மெக்கானிக், பெட்ரோல் எல்லாவற்றையும் யார் ஏற்கிறார்கள்? சில ஏற்பாடுகளில் பயணியே தன் செலவைப் பார்த்துக்கொள்கிறார். நண்பர்கள் தரும் நன்கொடை முழுவதும் தொண்டுக்குப் போகிறது. வேறு சிலவற்றில், குறைந்தபட்சத் தொகையைத் திரட்டினால் அதிலிருந்தே பயணச் செலவும் கழிக்கப்படுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் நன்கொடையாளருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிவிக்காத எந்த ஏற்பாடும் நம்பிக்கைக்கு உரியதல்ல என்று தயங்காமல் சொல்லலாம்.

இன்னொரு குறை நுட்பமானது. பயணி வந்துபார்க்கும் ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியும் பணிகளை நோக்கியே பணம் சாய்கிறது: பள்ளிச் சுவருக்கு வர்ணம், புதிய கிணறு, அநாதை இல்லம். கம்போடியாவின் இல்லங்களில் இருந்த குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்ததாக யூனிசெஃப் கண்டது. இல்லங்களைப் பார்க்க வருவோரின் பரிவே, குடும்பங்களிலிருந்து பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டுவரும் தூண்டுதலாயிற்று. 2009-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் கைப்பம்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலை செய்யாமல் கிடந்தன. திறப்பு விழாவுக்குப் பணம் கிடைத்திருந்தது. வாஷர் மாற்றக் கிடைக்கவில்லை.

வராதே என்ற குரல்

மூன்றாவது நிலைப்பாடு மறுப்பு. அதன் கூர்மையான வடிவம் மோட்டார் சைக்கிள் தொண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவர்னவாக்காவில், சேவை செய்ய வந்த வட அமெரிக்க மாணவர்களிடம் சிந்தனையாளர் இவான் இல்லிச் ஆற்றிய உரை அது. மொழி தெரியாமல், ஊர் தெரியாமல், தன் வாழ்க்கைமுறையே உயர்ந்தது என்ற எண்ணத்தோடு வருகிறவரின் நல்லெண்ணம் தீங்காகவே முடியும் என்பது அவர் வாதம். அவர் பயணத்தை மறுக்கவில்லை என்பது பலர் கவனியாத செய்தி. பார்க்க வாருங்கள், மலையேறுங்கள், படியுங்கள், உதவி செய்யமட்டும் வராதீர்கள் என்பதே அவர் முடிவு. சாகசத்தையும் தொண்டையும் இணைப்பதில்தான் கோளாறு என்று கொண்டால், இல்லிச் அதற்கு முன்கூட்டியே விடை சொன்னவராகிறார்.

1972-இல் தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கர் எழுதிய கட்டுரை எதிர்த் திசையிலிருந்து ஏறக்குறைய அதே இடத்துக்கு வருகிறது. கிழக்கு வங்க அகதிகளின் பட்டினியை முன்வைத்து, தூரம் நம் கடமையைக் குறைக்காது என்றார் அவர். தூரம் பொருட்டல்ல என்றால், கொடுப்பதற்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. பயணச் செலவையும் சேர்த்து அனுப்பிவிடலாமே?

சுமந்துபோகும் பொருள்களைப் பற்றிய அனுபவமும் இந்தப் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் வந்து குவிந்த பழைய துணிகள் சாலையோரத்தில் மட்கியதைத் தமிழகம் கண்டது. மீனவர்களுக்குப் பயன்படாத, அவர்கள் உடுத்தாத துணிகள் அவை. காலாவதியை நெருங்கும் மருந்துகள் கொட்டப்படுவதைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் 1996-இலேயே நெறிமுறை வகுக்க வேண்டியிருந்தது. சேணப்பையில் கொஞ்சம் மருந்தும் பேனாவும் மிட்டாயும் எடுத்துப்போகும் பயணியின் செயல் அளவில் சிறியது. ஊரின் தேவையைக் கேட்காமல் தன்னிடம் இருப்பதைக் கொடுக்கும் பழக்கம் அதிலும் மாறவில்லை.

ஆனாலும் இந்த மறுப்பு ஒன்றை விட்டுவிடுகிறது. எட்டாத ஊருக்குப் பணத்தை அனுப்பலாம். பணம் மலையேறித் தடுப்பூசி போடாது. கடைசிப் பத்து மைலைக் கடக்க யாரோ ஒருவர், ஏதோ ஒரு வண்டியில் போயாக வேண்டும்.

கொடை வேண்டாம், வியாபாரம் போதும்

நான்காவது நிலைப்பாட்டை லடாக்கில் பார்க்கலாம். 1974-இல் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்ட அந்த வட்டாரம் இன்று இந்திய மோட்டார் சைக்கிள் பயணிகளின் பெருங்கனவு. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2016-இல் வெளியிட்ட வண்டிக்கு ஹிமாலயன் என்றே பெயரிட்டது. இந்தக் கூட்டத்தை உள்ளூர் மக்கள் கருணைக்காகக் காத்திராமல் தங்கள் விதிகளுக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். லடாக்குக்கு வெளியே வாடகைக்கு எடுத்த வண்டிகளில் பாங்காங், நுப்ரா பக்கம் சுற்ற அங்குள்ள வாடகை வண்டிச் சங்கத்தார் விடுவதில்லை. லே நகரில் எடுத்த வண்டியில்தான் போக வேண்டும். பயணிகளுக்கு இது எரிச்சல் தரலாம். ஊராரின் நோக்கில், தம் வழியாகப் பாயும் பணத்தில் தமக்குள்ள பங்கை அவர்களே உறுதிசெய்துகொள்கிறார்கள். வீட்டில் தங்கவைத்துச் சம்பாதிக்கும் குடும்பம் யாருக்கும் கடன்பட்டதாக உணர வேண்டியதில்லை.

இந்த நிலைப்பாட்டை மதிக்கிறேன். எனினும் வியாபாரம் சாலையோர ஊருக்கே போகும். பயணி திரும்பிப்பார்க்காத பள்ளத்தாக்குக்குப் போகாது. தண்ணீர் அரிதான மலையில் கழிவையும் குப்பையையும் அது கூட்டுகிறது. காசநோயும் பிரசவச் சிக்கலும் சந்தை தீர்க்கும் சிக்கல்கள் அல்ல.

லெசோதோ காட்டிய வழி

மேற்சொன்ன நான்கும் பயணி அங்கே போக வேண்டுமா, எதைக் கொடுக்க வேண்டும் என்று கேட்கின்றன. வண்டியைப் பற்றி அவை எதுவும் கேட்கவில்லை. வியப்பான விடுபடல் இது. வண்டியைப் பற்றிக் கேட்ட ஐந்தாவது நிலைப்பாடு பந்தய மைதானத்திலிருந்து வந்தது. 500 சிசி உலகச் சாம்பியன் போட்டியில் நான்கு முறை இரண்டாமிடம் பெற்ற அமெரிக்க வீரர் ராண்டி மமோலா, எண்பதுகளின் நடுவில் 'சேவ் த சில்ட்ரன்' அமைப்புக்காக நிதி திரட்டிவந்தார். அந்தப் பணம் எப்படிப் பயன்படுகிறது என்று காண அவரும் பாரி கோல்மன் என்ற பத்திரிகையாளரும் சோமாலியா போனார்கள். அங்கே சுகாதாரப் பணிக்கென நன்கொடையாக வந்த வாகனங்கள் அதிகம் ஓடாமலே பழுதாகிக் கிடந்தன. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், செயின் தளர்ந்திருக்கும், ஆயில் மாற்றியிருக்க மாட்டார்கள். ஓட்டுபவருக்கு ஓட்டவே யாரும் கற்றுத்தந்ததில்லை. சாதாரணப் பார்வையாளர் அங்கே வறுமையைக் கண்டிருப்பார். வண்டியோடு வாழ்ந்தவர்கள் கண்டது பராமரிப்பின்மையை.

கோல்மனும் அவர் மனைவி ஆண்ட்ரியாவும் மமோலாவோடு சேர்ந்து உருவாக்கிய ரைடர்ஸ் ஃபார் ஹெல்த், 1996-இல் முறையான தொண்டு நிறுவனமாகும் முன்பே லெசோதோவில் தன் முறையைச் சோதித்துப்பார்த்தது. இந்த வாதத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாடு கிடைக்காது. தென்னாப்பிரிக்காவால் முழுதும் சூழப்பட்ட அந்நாட்டில் கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்குக் கீழே நிலமே இல்லை. மலையூர்களுக்குக் குதிரைதான் பழைய வாகனம். சில மருத்துவ நிலையங்களுக்குச் சிறு விமானத்தில்தான் போக முடியும். வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்கிறார். அதே மலைகளில்தான் 1967 முதல் 'ரூஃப் ஆஃப் ஆஃப்ரிக்கா' என்ற கடினமான எண்டூரோ பந்தயமும் நடக்கிறது. பந்தய வீரருக்குச் சவாலான அதே சரிவு, மருந்து கொண்டுபோகும் ஊழியருக்கு அன்றாட வழி.

1991-இல் அங்கே 47 மோட்டார் சைக்கிள்கள் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தரப்பட்டன. ஓட்டப் பயிற்சி, தினமும் காலையில் பெட்ரோல், ஆயில், செயின், பிரேக், நட்டு போல்ட்டு ஆகியவற்றை ஓட்டுபவரே சரிபார்ப்பது, பழுதாகும்வரை காத்திராமல் குறித்த காலத்தில் பாகங்களை மாற்றுவது என்ற எளிய ஒழுங்கோடு அவை பல ஆண்டுகள் நிற்காமல் ஓடின. முக்கியமான கண்டுபிடிப்பு மெக்கானிக் பட்டறையில் நிகழவில்லை. கணக்குப் புத்தகத்தில் நிகழ்ந்தது. ஒரு கிலோமீட்டர் ஓட உண்மையில் என்ன செலவாகும் என்று, உதிரி பாகத்தையும் நாளை வாங்க வேண்டிய புதுவண்டியையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதைச் சேவைக் கட்டணமாகச் சுகாதாரத் துறையிடமே பெறுவது. காம்பியாவில் 2009-இல் இது வங்கிக் கடனில் வாங்கிய வாகனங்களைச் சுகாதார அமைச்சகத்துக்குக் குத்தகைக்கு விடும் ஏற்பாடாக வளர்ந்தது. லெசோதோவில் பின்னர் ரத்தமும் சளியும் அடங்கிய மாதிரிகளை மலை நிலையங்களிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், முடிவைத் திருப்பிக் கொண்டுவரும் பணியாளர்கள் ஓடத் தொடங்கினார்கள். ஓட்டுகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள், பழுது பார்க்கிறவர்களும் அவர்களே.

வெளியூர் மோட்டார் சைக்கிள் ஆர்வலர்கள் இதில் எங்கே வருகிறார்கள்? பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை ஒட்டி நடக்கும் ஏலங்களிலும் நிகழ்ச்சிகளிலும் பணம் தருகிறவர்களாக. இன்று 'டூ வீல்ஸ் ஃபார் லைஃப்' என்ற அமைப்பு அந்த நிதி திரட்டலைத் தொடர்கிறது. அவர்கள் கொடுத்த பணத்தைவிடப் பெரியது அவர்களுடைய அறிவு: கவனிக்காத வண்டி நின்றுபோகும் என்பது. கரட்டுப்பாதையில் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த இந்தச் செய்தி, கோடிக்கணக்கில் செலவிட்ட உதவி நிறுவனங்களுக்கு நெடுநாள் உறைக்கவில்லை. வண்டி மட்டுமல்ல, வசதி குறைந்த நாடுகளின் மருத்துவக் கருவிகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இயங்காமல் கிடப்பதாக 2011-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

எனவே என் முடிபு இது. சாகசப் பயணம் தொண்டோடு நேர்மையாகச் சேரும் இடம் பயணி போய்ச்சேரும் ஊர் அல்ல. அந்த ஊருக்கு நாள்தோறும் போய்வரும் உள்ளூர் வண்டியின் பராமரிப்பு. எத்தனை மைல் ஓட்டினார், எவ்வளவு திரட்டினார் என்பவை இரண்டாம் தரமான அளவுகள். அவர் போன ஐந்தாம் ஆண்டில் அங்கே எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பதே முதல் அளவு.

எதிர்ப்புகள்

பராமரிப்புக்கு யார் பணம் தருவார்கள் என்பது முதல் எதிர்ப்பு. ஸ்பார்க் பிளக்குக்காக நண்பர்களிடம் நன்கொடை கேட்க முடியாது, சாகசக் கதைதான் பணத்தை இழுக்கும் என்பார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் கதையை விடச் சொல்லவில்லை. கதையால் வரும் பணம் எங்கே போக வேண்டும் என்பதே இங்கே பேச்சு. நடுக்காட்டில் செயின் அறுந்து நின்ற அனுபவத்தைச் சொல்லத் தெரிந்தவருக்கு, மருந்தோடு அதேபோல் நின்றுபோகும் செவிலியரைப் பற்றிச் சொல்வது கடினமில்லை.

இரண்டாவது எதிர்ப்பு, பேரிடரைச் சுட்டுகிறது. 2015 ஏப்ரல் 25-இல் நேபாளத்தில் நிலநடுக்கம் சாலைகளை மூடியபோது, கோர்க்கா, சிந்துபால்சோக் மலையூர்களுக்கு அரிசியும் தார்ப்பாயும் கொண்டுபோனவர்களில் மோட்டார் சைக்கிள் இளைஞர்களும் இருந்தார்கள். நீண்டகால ஒழுங்கைப் பேசிக்கொண்டிருந்தால் அந்த ஊரார் பட்டினி கிடந்திருப்பார்கள். இந்த விதிவிலக்கை முழுமனத்தோடு ஏற்கிறேன். அதில் கவனிக்க வேண்டியது, அந்த இளைஞர்களில் மிகப்பலர் நேபாளிகள்; பாதையும் மொழியும் தெரிந்தவர்கள். மேற்கு வங்கம் ஜல்பாய்குடியில் தன் பைக்கையே ஆம்புலன்ஸாக்கி ஆயிரக்கணக்கான நோயாளிகளை மருத்துவமனை சேர்த்து, 2017-இல் பத்மஸ்ரீ பெற்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளி கரீமுல் ஹக்கும் வெளியிலிருந்து வந்தவர் அல்லர். அவசரத்திலும் முதலில் எட்டுவது உள்ளூர் வண்டிதான்.

மூன்றாவது எதிர்ப்பே கடுமையானது. பராமரிப்பு முறையும் வெளிப்பணத்தைச் சார்ந்ததுதானே, கட்டணத்தைக் கட்டும் அமைச்சகமே வெளிநாட்டு உதவியில் நடக்கும்போது தற்சார்பு எங்கே? இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. செலவு வெளிப்படையாகத் தெரிகிறது, அதை எந்த அரசும் தன் வரவுசெலவில் ஒரு வரியாகச் சேர்க்க முடியும் என்பது மட்டும் இந்த முறைக்குச் சாதகம். இலவசமாக வந்த வண்டிக்கு அப்படி ஒரு வரி தோன்றுவதே இல்லை.

தீராதவை

வண்டி ஓடினால் ஊழியர் அதிக ஊர்களுக்குப் போகிறார் என்று காட்டுவது எளிது. அதனால் எத்தனை சாவு குறைந்தது என்று காட்டுவது கடினம். மருந்து கையிருப்பு, ஊழியர் எண்ணிக்கை, மழை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஜாம்பியாவில் நடத்தியது போன்ற கள ஆய்வுகள் இன்னும் பல நாடுகளில் நடந்தாக வேண்டும். 2016 முதல் ருவாண்டாவில் ரத்தம் கொண்டுபோகும் டிரோன்கள், மோட்டார் சைக்கிளின் வேலையில் எவ்வளவை எடுத்துக்கொள்ளும் என்பதும் தெரியவில்லை. டிரோன் பொட்டலத்தைச் சேர்க்கும். தடுப்பூசி போடும் கையைச் சேர்க்காது. ஆகவே முழுதாக மாற்றிவிடும் என்று நினைக்கக் காரணம் குறைவு. கரட்டுப்பயணம் நிலத்துக்குச் செய்யும் சேதமும் கணக்கில் சேர வேண்டும். டக்கார் பந்தயம் தென் அமெரிக்காவில் நடந்த ஆண்டுகளில் சிலி நாட்டின் தொல்லியல் தடங்கள் சக்கரங்களில் சிதைந்ததை அந்நாட்டின் மரபுச்சின்னப் பாதுகாப்பு அதிகாரிகளே பதிவுசெய்தார்கள். தொண்டின் பெயரால் நடக்கும் சிறு பயணங்களை இப்படி யாரும் அளப்பதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பணத்தின் கேள்வி. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை முடக்கியபோது, லெசோதோவின் எச்.ஐ.வி. திட்டங்கள் பலத்த அடி வாங்கின. பயணிகள் திரட்டும் தொகை அந்தப் பள்ளத்தை நிரப்பும் அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் ஒரு மாவட்டத்தின் மாதிரி எடுத்துச்செல்லும் வண்டிகளை ஓராண்டு ஓடவைக்க அது போதுமா, அந்த ஓராண்டுக்குள் அரசு பொறுப்பை ஏற்குமா என்பவை நாடுதோறும், மாவட்டந்தோறும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டியவை. அந்தக் கணக்கைப் போடும் இடத்தில் சுகாதாரத் துறைக்காரர்களோடு ஒரு மெக்கானிக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும்.